ரஜனி அக்காவின் கார் பார்க்கிங் மலை

இலங்கையில் மலை எப்படி வந்தது என்று உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பிழையாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நிலம் நசுங்கவும் இல்லை, பாறை பொங்கவும் இல்லை. கொட்டாஞ்சேனை ரஜனி அக்கா பைக் ஓட்டப் பழகினார். இந்த மனுஷி ஏறுவதற்கு ஒன்றுமே இல்லையே என்று தீவின் நடுப்பகுதி வெட்கப்பட்டு எழுந்து நின்றது. பிதுருதலாகலை அவசரப்பட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக எழுந்துவிட்டது. அக்கா கிளட்சை விட்டால் களனி கங்கை ஒதுங்கி வழிவிடும். அவர் ஹெல்மெட் போடும் நாளில் மழை முகிலுக்கு லீவு. நான் ஓ.எல். சோதனையில் கோட்டைவிட்டதற்குக் காரணமே, இதையெல்லாம் விடைத்தாளில் எழுதாமல் புத்தகத்தில் இருந்ததை அரைகுறையாக எழுதியதுதான்.

சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

ரஜனி அக்கா எங்கள் தொடர்மாடியில் எங்களுக்கு நேர் கீழ்வீடு. வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் சேலை விற்கிறார். வயது நாற்பத்தொன்று, கடையில் கேட்டால் முப்பத்தாறு. ஆள் குள்ளம். பைக்கை நிறுத்தும்போது இரண்டு காலும் நிலத்தில் படவேண்டுமென்றால் செருப்பின் தடிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பைக் அவருடையது அல்ல, அவருடைய கணவர் லோகேஸ்வரன் அண்ணாவுடையது. அண்ணா மருந்து விநியோகிக்கும் கம்பனி ஒன்றில் டெலிவரி வேலை செய்தவர். அந்த பைக்கில் அவர் போகாத ஊர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலது பக்கம் விழுந்துவிட்டது. பாரிசவாதம் என்றார்கள். கால் திரும்பி வந்தது, சற்று இழுத்துக்கொண்டு. பேச்சும் திரும்பி வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கும். தூக்கச் சொன்னால் கொஞ்சம் தூக்கும். பிடிக்கச் சொன்னால் பிடிக்காது.

பைக் மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக்கொண்டு நின்றது. நான் அதில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: ‘தொல்பொருள். தொடாதீர்கள்.’ அக்கா வேலையால் வந்து அதை வாசித்தார். அடுத்த மாதம் அந்த இடத்தில் ‘L’ போர்டு தொங்கியது. இந்த ஊரில் என் படிப்பால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

லைசன்ஸ் எடுத்தார். முதல் முறை எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிட்டார். இரண்டாவது முறை ஊன்றவில்லை. தொடர்மாடி முழுக்கக் கேக் கொடுத்தார். அடுத்த நாள் நான் ‘L’ போர்டைத் திரும்பவும் மாட்டிவிட்டேன். அக்கா அதோடே வெள்ளவத்தைக்குப் போய், வீதியெல்லாம் பின்னால் வந்தவர்களிடம் ஹோர்ன் அடி வாங்கிக்கொண்டு வந்தார்.

ஹோர்ன்தான் இந்தக் கதைக்கு முக்கியம். காலி வீதியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற ஒருவருக்கு ஹோர்ன் சத்தம் காதுக்குள் இருக்காது, பல்லுக்குள் இருக்கும். பஸ் அடிக்கும், திரீவீல் அடிக்கும், முன்னால் நிற்பவன் தன்பாட்டில் அடிப்பான். கலியாணம் முடித்த புதிதில் அண்ணா அக்காவிடம் ஒரு ரோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பொகவந்தலாவைக்கு மேலால் ஏறி பலாங்கொடைப் பக்கம் இறங்குகிற ரோடு. ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருந்து கொண்டு போனபோது கண்டாராம். ஒரு மணித்தியாலமாக ஒரு ஹோர்ன்கூடக் கேட்கவில்லையாம். “உன்னைய ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்” என்றாராம்.

ஒரு தடவை உண்மையிலேயே வெளிக்கிட்டார்கள். அவிசாவளையில் மழை பிடித்தது. கடை வாசலில் நின்று பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று. பிறகு கை.

“அவருதானே கூட்டிட்டுப் போறேன்னாரு. இப்ப நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் அக்கா. தைப்பொங்கல் வியாபாரம் முடிந்ததும் எடுப்பதற்கென்று கடையில் நான்கு நாள் லீவும் கேட்டு வாங்கிவிட்டார். அந்தக் கடையில் நான்கு நாள் சேர்ந்தாற்போல லீவு வாங்குவது மலை ஏறுவதைவிடக் கஷ்டம். அதில் ஏற்கெனவே வென்றுவிட்டார்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அண்ணா பின் சீட்டில் ஏற வேண்டும்.

“நான் வரமாட்டேன்” என்றார் அண்ணா.

“ஏன்?”

“வரமாட்டேன்னா வரமாட்டேன். நீ வேணும்னா மணிய ஏத்திட்டுப் போ.”

மணி நான்தான். சிவமணி என்று பெயர். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இவளையா? இவ இருந்தா ஹோர்னே தேவையில்ல” என்றார். பிறகு அண்ணாவிடம், “அந்த ரோட்டைக் காட்டுறேன்னு சொன்னது நீங்க. நீங்க இல்லாம நான் அங்க போய் யாருகிட்ட, ஆமா நீங்க சொன்னது சரிதான்னு சொல்லுறது?” என்று கேட்டார்.

அண்ணா டீவியைச் சத்தமாக வைத்தார்.

எங்கள் மாடி ஆறாயி அக்காவிடம் கேட்டால் காரணம் உடனே கிடைக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லுவார்: “ஆம்பளை ரோசம்டி. பொண்டாட்டி முன்னுக்கு, புருஷன் பின்னுக்குன்னா ஊரு சிரிக்காதா?” ஊர் என்றால் யார் என்று பார்த்தால் ஆறாயி அக்காவும் நானும்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிரித்தும் விட்டேன்.

ரஜனி அக்கா அண்ணாவின் ‘வரமாட்டேன்’ என்ற பதிலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேலை விற்பவர்களிடம் வந்து ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த சேலையைத்தான் விரிப்பார்கள். அதேபோல் இவர் சேலைப் பெட்டி அட்டைகளை வெட்டி ஒட்டி, சுவர் அளவுக்கு ஒரு வரைபடம் செய்தார். முதல் நாள் அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கினிகத்தேனை, நோர்வூட் வழியாக பொகவந்தலாவை. இரண்டாம் நாள் அந்த ரோடு. பிறகு பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹப்புத்தளை. திரும்பி வரும் வழியை மட்டும் பென்சிலால் போட்டிருந்தார். “திரும்பி வர மனசு வருமோ தெரியல்ல” என்றார். நான் அட்டையில் வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் நடுவில் ஒரு யானை கீறிவைத்தேன். அக்கா அதற்கு ஒரு சேலை கட்டிவிட்டார்.

அண்ணா வரமாட்டார், ஆனால் வரைபடத்தைப் பிழையாக விடவும் மாட்டார். சாய்மனை நாற்காலியில் இருந்தபடியே, “அந்த வளைவு இடது பக்கமில்ல, வலது பக்கம்” என்பார். “இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சிட்டுப் போகாத, சூடாகிரும். ரெண்டாவது கியர்ல விடு, எஞ்சினே பிடிச்சிக்கும்” என்பார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல டீவியைப் பார்ப்பார்.

ரஜனி அக்காவுக்குக் கடையில் ஒரு பழக்கம். எந்தச் சேலையையும் தன் தோளில் போட்டுப் பார்க்காமல் விற்கமாட்டார். முந்தானை எப்படி விழுகிறது, கரை எங்கே மடிகிறது என்று தன் மேல் பார்த்துத்தான் மற்றவருக்குக் கொடுப்பார். மலையையும் அப்படித்தான். ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கிப் பார்க்காமல் லோகேஸ்வரன் அண்ணாவை ஏற்றமாட்டார். ஆனால் கொழும்பில் மலைக்கு எங்கே போவது? நாங்கள் தட்டையான ஊர்க்காரர்கள். இங்கே உயரமாக இருப்பது வாடகை மட்டும்தான்.

அக்கா கண்டுபிடித்தார். வெள்ளவத்தையில் கடைக்குப் பின்னால் ஐந்து மாடிக் கார் பார்க்கிங் ஒன்று இருக்கிறது. சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுப்பாதை. காலையில் கடைகள் திறக்கும்வரை அங்கே புறாக்கள் மட்டும்தான். அதன் காவலாளியின் மகளுக்குக் கலியாண ஒசரிச் சேலை தேடிக் கொடுத்தவர் அக்கா. அதனால் தடுப்புக் கம்பு தூக்கப்பட்டது.

முதல் நாள் அண்ணாவின் பாரத்துக்கு அரிசி மூட்டைகளைப் பின்னால் கட்டினார். இரண்டாம் மாடி வளைவிலேயே பைக் சரிந்து, பார்க்கிங் முழுக்கச் சம்பா. புறாக்களுக்கு அன்றைக்குத் தீபாவளி.

“அரிசி சாயாதுடி” என்றார் அக்கா, முழங்கையில் தோல் உரிந்த இடத்தை ஊதிக்கொண்டு. “மனுஷன்னா வளைவுக்கு ஏத்த மாதிரிச் சாய்வான். எனக்கு மனுஷன் வேணும்.”

அப்படித்தான் நான் அண்ணாவானேன். முதுகில் ஒரு பையில் மிச்ச அரிசி, தலையில் அண்ணாவின் ஹெல்மெட். கிழமைக்கு இரண்டு மூன்று காலை, ஏறுவதும் இறங்குவதும். நான் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் மாடித் தூணில் ‘பனிமூட்டம் – மெதுவாகச் செல்லவும்’ என்று ஒட்டினேன். மொட்டை மாடியில் ‘பொகவந்தலாவை’ என்று கார்ட்போர்ட் கல் நட்டேன். மலையில் மழை பெய்யும், பழக வேண்டாமா என்று, வளைவில் போத்தல் தண்ணீரை அக்காவின் கழுத்துக்குள் ஊற்றினேன். அக்கா பைக்கை நிறுத்தவில்லை, வளைவும் பிசகவில்லை. மேலே போய் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டு, “மழை விட்டுருச்சு, இறங்குவோம்” என்றார்.

காவலாளி கீழிருந்து கத்துவார்: “நங்கி! ஆயெத்?” தங்கச்சி, திரும்பவுமா என்று அர்த்தம்.

“லாஸ்ட் ரவுண்ட் அய்யே!” என்பார் அக்கா. அது ஒரு நாளும் லாஸ்ட் ரவுண்ட் அல்ல.

முதல் கிழமை ஒவ்வொரு வளைவிலும் அக்காவின் தோள் இறுகுவதை நான் பின்னாலிருந்து பார்ப்பேன். மூன்றாவது கிழமை அந்தத் தோள் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது கியரில், பிரேக்கில் கால் படாமல், ஐந்து மாடியும் இறங்கினார். எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. அடித்தால் தலைக்கனம் வந்துவிடும் என்று, “பரவாயில்ல, அரிசி கொட்டல்ல” என்று மட்டும் சொன்னேன்.

அக்கா பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போன ஒரு நாள் மத்தியானம், நான் வேலை செய்கிற போட்டோகொப்பிக் கடையால் சாப்பாட்டுக்கு வந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டில் நிற்கிற பைக்கின் பின் சீட்டில் லோகேஸ்வரன் அண்ணா ஏறி இருந்தார். தனியாக.

என் மனம் ஹோர்னுக்குப் போனது. அப்படியொரு சந்தர்ப்பம் ஆயுளுக்கு ஒரு முறைதான் வரும். பதுங்கிப் போய் ஒரே ஒரு அமுக்கு.

அமுக்கவில்லை. அவர் வலது கையை இடது கையால் தூக்கி, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். உடம்பை முன்னால் அசைத்துப் பார்த்தார். கை கழன்று விழுந்தது. திரும்பவும் வைத்தார். திரும்பவும் விழுந்தது. பிறகு இடது கையால் மட்டும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு அசைந்தார். உடம்பு முழுக்கத் திருகியது. அக்கா இருக்கவேண்டிய வெறும் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல இறங்கினார்.

ரோசமும் இல்லை, ஊரும் இல்லை. பள்ளத்தில் பிடி விட்டால் அவர் மட்டும் விழமாட்டார், அக்காவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவார். அதுதான் பயம். அதைச் சொன்னால் அக்கா பயணத்தையே விட்டுவிடுவார். அதனால் டீவிச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, ரோசக்காரன் என்ற பெயரை வாங்கிக்கொண்டிருக்கிறார். நான் சத்தமில்லாமல் படியேறிப் போய், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகும் பார்க்கிங் போனேன். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகவில்லை. அக்கா கேட்டபோது, “இது வறட்சிக் காலம்” என்றேன். வேறு சில விஷயங்களும் அங்கே பழகினேன். அவை எனக்கும் பின் சீட்டுக்கும் இடையில் உள்ளவை.

பழகி முடிந்ததும் கிராண்ட்பாஸ் போனேன். அங்கே ஹஸன் நானா திரீவீல்களுக்குக் கம்பி வளைத்து வெல்டிங் செய்கிறவர். அவருடைய கடை போர்டில் ‘ஹஸன்’ என்பதற்கு முன்னால் ‘டொக்டர்’ என்று எழுதியவள் என்பதால் என்னை நன்றாகத் தெரியும்.

“நானா, பைக் சீட்டுக்கு இடது பக்கம், பின்னுக்கு இருக்கிற ஆளோட முழங்காலுக்கு மேலால ஒரு கைபிடி வேணும். ஏத்தத்துல இழுத்துப் பிடிக்கவும் ஏலும், இறக்கத்துல ஊன்றிக்கவும் ஏலும்.”

“ஆருக்கு மகள்?”

“ஆடு ஒண்ணு ஏத்துறதுக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆட்டுக்கு என்னத்துக்குக் கைபிடி?”

“படிச்ச ஆடு.”

“உண்மையச் செல்லு.”

சொன்னேன். அவர் ஒரு குழாயை எடுத்து, தன் இடது கையால் பிடித்துப் பிடித்துத் தடிப்பைப் பார்த்தார். கூலியாக, இனி அவர் போர்டில் கை வைப்பதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எனக்கு அது பெரிய நஷ்டம்.

அக்கா பஸ்ஸில் வேலைக்குப் போன இன்னொரு நாள், அண்ணா கைக்குப் பயிற்சி கொடுக்கிற கிளினிக்குக்குப் போன நேரம், ஹஸன் நானா வந்து கைபிடியைப் பூட்டிவிட்டுப் போனார். ரப்பர் சுற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்து, பைக்கோடு பிறந்தது போல இருந்தது. இனி ஒரு வேலைதான் மிச்சம். அதற்குத்தான் கடவுள் என்னைப் படைத்தார்.

கிளினிக்கால் வந்த அண்ணாவிடம் சொன்னேன்: “அக்கா உங்களுக்கு ஒரு சாமான் பூட்டியிருக்காங்க, பார்த்தீங்களா? சொல்ல வேணாம்னாங்க. சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்னு.”

பின்னேரம் அக்காவிடம் சொன்னேன்: “அண்ணா ஆள் பிடிச்சு ஒரு சாமான் பூட்டியிருக்காரு. நீங்க கேட்கக் கூடாதாம். வாறதுன்னு முடிவெடுத்துட்டாரு போல.”

அன்றைக்கு இரவு கீழ்வீட்டில் டீவிச் சத்தம் கேட்கவில்லை. தரையில் காது வைத்துப் பார்த்தேன். இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணா மட்டும், “பொகவந்தலாவையில குளிரும். என்னோட ஸ்வெட்டர் எங்க?” என்றார்.

புறப்படுகிற காலை தொடர்மாடி முழுக்கக் கீழே நின்றது. ஏதோ மணப்பெண்ணை வழியனுப்புகிற மாதிரி. முந்தின செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் பைக்கைக் காட்டி வந்திருந்தார் அக்கா; அன்று காலை பிள்ளையாரிடமும் காட்டினார். ரோசம் என்று சொன்ன அதே ஆறாயி அக்கா, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். “நசுங்கினா நேரா நசுங்கணும், வழுக்கக் கூடாது” என்று பழத்துக்கே கட்டளை போட்டார்.

அண்ணா ஸ்வெட்டரோடும் ஹெல்மெட்டோடும் காலை இழுத்து இழுத்து வந்தார். எல்லாரும் விலகி வழிவிட்டோம். அக்கா முன்னால் ஏறி, செருப்பு நுனியில் பைக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்; திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணா இடது கையைக் கைபிடியில் வைத்தார். ஒரு முறை இழுத்தார். ஒரு முறை ஊன்றினார். பிறகு காலைத் தூக்கிப் போட்டு ஏறி, வலது கையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார், சாமானொன்றைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி.

“போவோம்” என்றார். “முதலாவது வளைவு வரைக்கும் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

எலுமிச்சம்பழம் நேராகத்தான் நசுங்கியது. கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் கண்டேன், பின்னால் நான் மாட்டியிருந்த ‘L’ போர்டை அக்கா கழற்றி வீசவில்லை. அதை அண்ணாவின் முதுகுப் பையில் தொங்கவிட்டிருந்தார். அந்த நிமிடம் கொட்டாஞ்சேனையிலேயே பெரிய ஆள் யார் என்று கேட்டிருந்தால், எங்கள் கீழ்வீட்டு அக்கா என்று மாநகர சபைக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.

அடுத்த நாள், போட்டோகொப்பிக் கடையில் நான் யாருடைய பிறப்புச் சான்றிதழையோ தலைகீழாக அடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

“மணி, நாங்க அந்த ரோட்டுல நிக்கிறோம். கேளு.”

கேட்டேன். காற்று. தூரத்தில் ஒரு நாய் ஒரே ஒரு தடவை குரைத்தது. வேறு ஒன்றும் இல்லை.

“என்னா கேட்குது?”

“ஒண்ணும் கேட்கல்லயே.”

“அதான்டி” என்றார் அக்கா. அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. பின்னால் அண்ணா, “நான் சொன்னேன்தானே!” என்பதும், “ஆமா, நீங்க சொன்னது சரிதான்” என்று அக்கா அவருக்குச் சொல்வதும் கேட்டது. பிறகு அக்கா தொண்டையைச் செருமினார். “இஞ்ச ஒரே அமைதியா இருந்துச்சா, நான் இவருக்குத் தேங்க்ஸ் சொன்னேன், கைபிடி பூட்டினதுக்கு. அதே நேரம் இவரு எனக்குத் தேங்க்ஸ் சொல்லுறாரு, கைபிடி பூட்டினதுக்கு.”

“ஹலோ? அக்கா? சிக்னல் போகுது. ஹலோ?”

“நடிக்காத. மூச்சு விடுறதுகூடக் கேட்குது.”

“அது வந்து... ஹஸன் நானாவே தன்பாட்டுல பூட்டியிருப்பாரு.”

“யாருடி ஹஸன் நானா?”

போட்டோகொப்பி மெஷின்கூட அந்த நேரம் நின்றுவிட்டது.

“நான் கண்ணாடியில பார்த்தேன்டி” என்றார் அக்கா. “பார்க்கிங்ல கடைசி ரெண்டு கிழமையும் உன் வலது கை ஜீன்ஸ் பொக்கெட்டுக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு கையாலதான் பிடிச்சிட்டு இருந்த. ஒவ்வொரு இறக்கத்துலயும் வேற வேற இடத்துல பிடிச்சுப் பார்த்த. புதுசா என்னா கூத்துக்குப் பழகுறான்னு நினைச்சேன். இப்பத்தான் விளங்குது. என்னைய மாதிரியே தோளில போட்டுப் பார்த்துத்தான் வித்திருக்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு வேலை இருக்கு. வைக்கிறேன்.”

“வை, வை. ஆனா இஞ்ச ஹோர்ன் இல்ல, மணி. நீ மூக்க உறிஞ்சுறதும் நல்லாவே கேட்குது.”